ஓட்டைக்குக் காவல்

குயில்மேடு எஸ்டேட்டில் யாராவது விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொண்டால் அதற்கென்று ஒரு முறை இருந்தது. விழுந்தவன் தேறி எழுந்ததும், எது அவனை விழவைத்ததோ அதை அவன் கையாலேயே சரிசெய்ய வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தவன் ஏணிக்குப் புதுப்படி கட்ட வேண்டும். பாறையில் வழுக்கியவன் அந்தப் பாறையைக் கொத்திவிட வேண்டும். முதல் ஆணி அவனுடையது, முதல் கொத்து அவனுடையது. பிறகு அந்த இடத்தில் மலைச்சாமி சேர்வராயனை நினைத்து ஒரு சேவல் அறுக்க வேண்டும். வேறு யாராவது அவசரப்பட்டுக் கையை வைத்துவிட்டால் அந்த இடம் அடங்காது, இன்னொரு ஆளைக் கேட்கும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் இருந்த எல்லாருடைய எண்ணமும். இது மூடநம்பிக்கை என்று படித்தவர்கள் சொல்லலாம். ஆனால் உடைந்தது எதுவும் அங்கே நெடுநாள் உடைந்தபடியே கிடந்ததில்லை.

மாதப்பன் விழுந்தது ஐப்பசி அடைமழையில். எஸ்டேட்டின் நடுவே ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் லைன் வீடுகளும், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் கொட்டகையும், எடை போடும் களமும். அந்தப் பக்கம் காப்பிச் சரிவு. இரண்டையும் சேர்ப்பது ஒரு மரப்பாலம். சில்வர் ஓக் மரம் இரண்டைக் குறுக்கே கிடத்தி, மேலே பலகை அடித்திருந்தார்கள். நிழல் மரங்களில் கிளை கழித்துவிட்டு மாதப்பன் திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் இரண்டு பலகை ஒன்றாக ஒடிந்தது. கீழே பாறை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது.

மேஸ்திரி நல்லமுத்து அன்று சாயங்காலமே நல்ல பலாப் பலகையாகப் பார்த்து அறுத்துக் கொண்டுவந்து, மாதப்பன் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்து படுத்தவனிடம் போய்க் கேட்டார்.

"உன்னத் தூக்கிட்டுப் போறமப்பா. நீ சும்மா ஒரு ஆணி தட்டு, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

"கட்டுப் பிரிக்கட்டுமுங்க மேஸ்திரி. நின்னு அடிக்கறேன். படுத்துட்டு அடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றான் மாதப்பன்.

அவனுக்குக் கொஞ்சம் ரோஷம். இந்த ரோஷத்தை நினைத்து அவன் பிற்பாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த ஒரு ஆணியை அன்றைக்கே அடித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

அவன் மனைவி காவேரிக்கு அப்போது மூன்றாம் மாதம். கல்யாணமாகி நெடுங்காலம் கழித்துத் தரித்தது. கோயில் கோயிலாக ஏறி இறங்கி, இனி இல்லை என்று இருவருமே வாய்விட்டுச் சொல்லாமல் மனசுக்குள் முடிவு கட்டியிருந்த வேளையில் வந்தது. புருஷன் காலை நீட்டிப் படுத்துவிட்டதால் காப்பிப் பழம் பறிக்க அவள்தான் போயாக வேண்டும். போவதென்றால் அந்தப் பாலம்தான்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் சேலத்திலிருந்து ஜீப் வந்துவிட்டது.

மலைத்தோட்ட விபத்து மறுநிகழ்வுத் தடுப்பு ஆய்வுக் குழு என்று ஒன்று அப்போது புதிதாக ஏற்பட்டிருந்தது. ஒரு விபத்து நடந்தால் அதன் மூலகாரணத்தைக் கண்டுபிடித்து, அது இன்னொரு முறை நடக்காமல் தடுப்பது அதன் நோக்கம். நோக்கத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. குழுவின் தலைவர் பழனிசாமி கெட்டவரும் அல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்குள் அவருக்குக் குமட்டிவிடும். ஜீப்பை விட்டு இறங்கும்போது வாயில் எலுமிச்சம்பழம் இருக்கும். அந்த நிலையிலும் எல்லாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவார். அவரோடு எழுதுவதற்குச் சேகர் என்று ஒரு உதவியாளர்.

பாலத்தருகே நாற்காலி போட்டார்கள். எஸ்டேட் மேனேஜரும் மேஸ்திரியும் பக்கத்தில் நின்றார்கள். மாதப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து எதிரே வைத்தார்கள்.

"ஏன் விழுந்தே?" என்று ஆரம்பித்தார் பழனிசாமி.

"பலகை ஒடிஞ்சு போச்சுங்க."

"ஏன் ஒடிஞ்சுது?"

"மக்கிப் போயிருந்துச்சுங்க."

"ஏன் மக்குச்சு?"

"மழைங்க சார்."

"ஏன் மழை?"

மாதப்பன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி வானத்தைப் பார்த்தார். பதில் சொல்லாமல் விட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து, "ஐப்பசிங்க" என்றான் மாதப்பன்.

பழனிசாமி முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. "எழுதிக்கோ சேகர். மூலகாரணம், ஐப்பசி. பார்த்தீங்களா மேனேஜர்? மேலோட்டமா விசாரிச்சிருந்தா பலகையோட நின்னுபோயிருப்போம். நாலு தடவை ஏன் ஏன்னு கேட்டதாலதான் ஐப்பசி வரைக்கும் போக முடிஞ்சுது."

ஐப்பசியைத் தவிர்க்க எஸ்டேட் நிர்வாகம் என்ன நடவடிக்கை எடுத்தது என்று விளக்கம் கேட்கப்பட்டது. மேனேஜர் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்.

கட்டிலில் கிடந்த மாதப்பன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "சார், கட்டுப் பிரிச்சதும் நானே பலகை போட்டுர்றனுங்க. பலகையெல்லாம் அறுத்து வெச்சிருக்குதுங்க."

பழனிசாமி பதறிப்போனார். "தொடவே கூடாது! அந்த ஓட்டை நமக்கு எவ்வளவு முக்கியமான சாட்சியம் தெரியுமா? அதை அடைச்சிட்டா நாளைக்கு எதை வச்சு விசாரிக்கிறது? விசாரணை முடியற வரைக்கும் ஓட்டை ஓட்டையாவே இருக்கணும். மேலே எதையும் போட்டு மூடவும் கூடாது."

"நடக்கறவீங்க விழுவாங்களேங்க?"

"விழக் கூடாதுன்னுதானேப்பா இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிறோம்?" என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு. மதியச் சாப்பாடு முடிந்து, வெயில் தாழ்வதற்குள் ஜீப் இறங்கிப் போய்விட்டது.

கார்த்திகையில் பழம் சிவந்தது. வெறுங்கையோடு போகிறவர்கள் ஓட்டையைத் தாண்டிவிடுவார்கள். காலையில் போகும்போது தொல்லையில்லை. சாயங்காலம் தலையில் மூட்டையோடு வரும்போதுதான் தொல்லை. தலைச்சுமைக்காரிக்குக் கழுத்தைக் குனிக்க முடியாது, தன் காலைத் தன்னாலேயே பார்க்க முடியாது. வெள்ளக்கடை ரோட்டைப் பிடித்துச் சுற்றி வரலாம். வந்து சேர்வதற்குள் எடை போடுகிறவர் தராசைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். அதனால் எல்லாரும் பாலத்திலேயே வந்தார்கள். வந்ததில் தங்கம்மா விழுந்தாள். இரண்டு பல்லும் ஒரு மூட்டைப் பழமும் ஓடையோடு போயின.

மறுபடியும் ஜீப் வந்தது. மறுபடியும் எலுமிச்சம்பழம். முன்னே நடந்த விசாரணையோடு இதையும் சேர்த்து முடித்துவிடலாமே என்று கணக்கெழுதும் ரைட்டர் ஜேசுதாஸ் பணிவாகக் கேட்டுப் பார்த்தார். எஸ்டேட் ஆபீசில் பாதி நேரம் அவருக்கு இந்தக் குழுவுக்குப் பதில் எழுதுவதிலேயே போய்க்கொண்டிருந்தது.

"அது எப்படி?" என்றார் பழனிசாமி. "அது வெறுங்கையோட விழுந்த ஆண். இது மூட்டையோட விழுந்த பெண். ரெண்டும் வேற வேற விபத்து."

"ஓட்டை ஒண்ணுதானுங்களே சார்?"

"ஓட்டையை நாங்க விசாரிக்கலை. விபத்தை விசாரிக்கிறோம்."

தங்கம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்டார். "கீழே பார்த்து நடந்தியாம்மா?"

"தலமேல மூட்டை இருக்கறப்போ கீழ எப்படிங்க பாக்கறது?" பல் போன வாயில் காற்றுதான் அதிகம் வந்தது.

"அப்போ மேலே பார்த்தே?"

"மேல மூட்டைதானுங்க இருக்குது."

மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை என்று சேகர் எழுதிக்கொண்டார். விழுந்தபோது ஓட்டையின் ஓரத்தில் ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. அதைக் கண்டதும் பழனிசாமிக்கு மனசு ஆறவில்லை. இப்படி ஆளாளுக்கு விழுந்து வைத்தால் முதல் விபத்தின் ஓட்டை கெட்டுப்போகும் என்று சொல்லி, ஓட்டைக்கு ஒரு காவல்காரனைப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

கரடியூரிலிருந்து செல்லப்பன் என்று ஒரு மலைக்காரன் வந்து சேர்ந்தான். ஊரில் கொஞ்சம் சாமைக் காடும் நாலு ஆரஞ்சு மரமும் உள்ளவன். ஒரு ஸ்டூலும் ஒரு குடையும் கொடுத்துப் பாலத்து முனையில் உட்கார வைத்தார்கள். யாரும் ஓட்டையைச் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

"ஆளு விழுந்தா புடிக்கோணுமுங்களா?" என்று முதல் நாளே கேட்டிருக்கிறான்.

"உன் வேலை ஓட்டையோட சரி. அதை மட்டும் பாரு" என்று சொல்லிவிட்டார்கள்.

செல்லப்பனுக்கு அது சரிப்படவில்லை. மூட்டையோடு பெண்கள் வரும்போது, "ஓட்டை வருது, ஓட்டை வருது!" என்று சத்தம் போட ஆரம்பித்தான். அதற்கு நல்ல பலன் இருந்தது. விஷயம் சேலம் வரைக்கும் போய், கண்டிப்பாக ஒரு கடிதம் வந்தது. காவலர் எச்சரிப்பதால் தொழிலாளர்கள் இயல்பாக நடப்பதில்லை என்றும், விபத்துக்குரிய இயல்பான சூழ்நிலை மாறிவிடுகிறது என்றும், ஆகவே காவலர் வாய் பேசக் கூடாது என்றும் அதில் இருந்தது.

செல்லப்பன் அதற்கப்புறம் பேசவில்லை. இருமினான். மூட்டை ஓட்டையை நெருங்கும்போது ஒரு இருமல். பெண்கள் புரிந்துகொண்டு காலை எட்டி வைத்தார்கள். இருமக் கூடாது என்று கடிதத்தில் இல்லை. அந்த மாதிரி கொஞ்ச நாள் யாரும் விழாமல் ஓடியது.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் பாதுகாப்பு வாரமும் வந்தது. காப்பி காயப்போடும் களத்தில் பந்தல் போட்டு, மைக் கட்டி, அந்த வருஷம் விபத்தே நடக்காத எஸ்டேட் என்று குயில்மேட்டுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மேனேஜருக்கே தூக்கிவாரிப் போட்டது. தாங்கித் தாங்கி நடந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாதப்பன் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டான். பக்கத்தில் தங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழனிசாமி மைக்கைப் பிடித்து விளக்கினார். "சிலருக்கு இதில் சந்தேகம் வரலாம். ஒரு சம்பவம் விபத்தா இல்லையா என்று விசாரணை முடிந்த பிறகுதான் சொல்ல முடியும். விசாரணை நடந்துகொண்டிருக்கும் வரை அது விபத்து ஆகாது. எங்கள் குழு ஏற்பட்ட நாளிலிருந்து இந்த மலையில் ஒரு விசாரணைகூட அவசரப்பட்டு முடிக்கப்படவில்லை. அதனால்தான் இந்த மலை முழுவதிலும் விபத்து அடியோடு ஒழிந்திருக்கிறது என்று பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். விபத்து நடப்பதுகூட எனக்குப் பெரிதில்லை. விசாரிக்காமல் விட்ட விபத்தை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது."

எல்லாரும் கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள். காவேரி தன் லட்டை மாதப்பனிடம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அந்த மாதங்களில் இனிப்பு ஆகவில்லை.

மார்கழி பிறந்ததும் பனி இறங்கியது. ஓடையோரத்தில் நாளெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த செல்லப்பனுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. நாள் முழுக்க இருமினான். எது பனி இருமல், எது ஓட்டை இருமல் என்று பெண்களுக்குத் தெரியாமல் போயிற்று. அவனுக்கும் அடக்க முடியவில்லை. காவேரி மூட்டையோடு பாலத்தில் ஏறியபோது அவன் முன்கூட்டியே ஒரு தடவை இருமிவிட்டான். அவள் அந்த இடத்திலேயே காலை எட்டி வைத்துவிட்டு, அப்பாடா தாண்டிவிட்டோம் என்று அடுத்த காலைச் சாதாரணமாக வைத்தாள்.

தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. மூட்டை ஓடையில் விழுந்தது. இரண்டு கையாலும் பாலத்தைத் தாங்கும் மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். செல்லப்பன் குடையை எறிந்துவிட்டு ஓடி வந்து தூக்கிவிட்டான். தூக்கியது தப்பு என்று அவனுக்கே தெரியும். தெரிந்துதான் தூக்கினான்.

வீட்டுக்கு வந்து, விழுந்ததைச் சொல்லிவிட்டு அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"வயித்துல பட்டுதா?"

"படலீங்க. காலுதான் சிராச்சுக்கிச்சு." கொஞ்ச நேரம் வயிற்றில் கை வைத்தபடி அசையாமல் இருந்தாள். "இருங்க... ம், அசையுதுங்க."

மாதப்பன் அழுதுவிட்டான். கால் முறிந்தபோதுகூட அவன் அழுததில்லை.

"நாளைக்கு நீ போவ வேண்டாம் புள்ள."

"போவாட்டி அடுப்புல பூனையா தூங்கோணும்? உங்களுக்கு அவுங்க இன்னும் வேலை குடுக்கலையே. விசாரண முடியாம சேத்துக்கக் கூடாதுன்னுதான ரைட்டரு சொல்றாரு?"

அது உண்மைதான். விசாரணையில் இருக்கிற ஆளும் ஓட்டையைப் போலத்தான், இருந்தபடியே இருக்க வேண்டும்.

மறுநாள் விடிகாலையில் மாதப்பன் சுவரில் சாய்ந்திருந்த பலாப் பலகையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினான். நல்லமுத்து மேஸ்திரி சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தார். தங்கம்மா தன் சேவலைக் கொண்டுவந்தாள். விழுந்தவர்களில் அவளும் ஒருத்தியாயிற்றே. பாலத்து முனையில் ஸ்டூலில் இருந்த செல்லப்பன் இவர்களைப் பார்த்ததும் எழுந்து, கிழக்கே திரும்பி, சேர்வராயன் கோயில் இருக்கிற மலையைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தான். ஆணி அடிக்கிற சத்தம் நிற்கும்வரைக்கும் அவன் கும்பிட்டு முடிக்கவில்லை.

முறைப்படி எல்லாம் நடந்தது. முதல் ஆணி மாதப்பன், இரண்டாவது தங்கம்மா. பலகைமேல் சேவல் அறுத்தார்கள். அன்று சாயங்காலம் மூட்டையோடு வந்த பெண்கள் எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். காவேரி பாதிப் பாலத்தில் நின்று, பலகையை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

ரைட்டர் ஜேசுதாஸுக்குத்தான் சங்கடம். சொல்லாவிட்டால் அவர் வேலை போகும். சொன்னார். பலகை ஒடிந்தபோது சாவகாசமாக வந்த குழு, பலகை போட்ட செய்தி கேட்டு மறுநாளே வந்துவிட்டது. பழனிசாமிக்கு அன்று குமட்டல்கூட இல்லை.

பாலத்தில் ஏறியவர் நடுவில் நின்றுவிட்டார். "சேகர், ரத்தம்!"

புதுப் பலகையில் ரத்தம் உறைந்திருந்தது. இடுக்கில் ஒரு இறகும் இருந்தது.

"ஒரு விபத்தை மறைச்சிருக்கீங்க" என்றார். "யாருக்கு அடிபட்டுது?"

"சேவலுக்குங்க" என்றார் நல்லமுத்து.

"எப்படி?"

"கழுத்துலங்க."

"எந்த நிலைமையில இருக்கு இப்போ?"

"தின்னுட்டமுங்க."

பழனிசாமி உட்கார்ந்துவிட்டார். சேகர் எழுதலாமா வேண்டாமா என்று அவரைப் பார்த்தார். சேவல் எஸ்டேட்டின் ஆள் கணக்கில் உண்டா என்று மேனேஜரிடம் விசாரிக்கப்பட்டது. இல்லை என்றார் மேனேஜர். அப்படியானால் அது வேலை நேரத்தில் வெளியாருக்கு நேர்ந்த மரணம் என்று வகைப்படுத்தினார்கள். வெளியார் எப்படி எஸ்டேட்டுக்குள் வந்தார் என்று கேட்டதற்கு, தங்கம்மா இடுப்பில் தூக்கி வந்ததாகச் சாட்சி சொன்னாள்.

அது முடிந்து மாதப்பனிடம் வந்தார்கள்.

"உன்மேலே எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லேப்பா" என்றார் பழனிசாமி. "ஆனா நடந்தது பெரிய விபரீதம். ஒரு பாலம் விசாரணை முடியறதுக்குள்ளேயே சரியாயிடுச்சு. இது இன்னொரு தடவை நடக்கக் கூடாது. நடக்காம இருக்கணும்னா மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கணும். ஏன் பலகை போட்டே?"

"யாரும் விழக் கூடாதுன்னுங்க."

"ஏன் விழக் கூடாது?"

மாதப்பன் இந்த முறை மேஸ்திரியைப் பார்க்கவில்லை. "எம் பொண்டாட்டி தெனம் இதுலதான் வாரா சார். வயித்துல புள்ள இருக்குதுங்க. நொம்ப வருசம் கழிச்சு..."

சேகரின் பேனா ஒரு கணம் நின்றது. அவருக்கும் வீட்டில் குழந்தை உண்டு. பிறகு எழுதினார். மூலகாரணம், இன்னும் பிறக்காத குழந்தை.

இனி எதையும் சரிசெய்யமாட்டேன் என்று மாதப்பன் உறுதிமொழி சொன்னான். குழுவுக்கு அது போதவில்லை. இடம் முன்பு இருந்த நிலைக்கு வர வேண்டும் அல்லவா? பலகையை எடுக்க வேண்டும். எஸ்டேட் ஆட்கள் ஒருவரும் கை வைக்கவில்லை. செல்லப்பனுக்கு அப்போதுதான் இருமல் பொத்துக்கொண்டு வந்தது. விழுந்தவன் போட்டதை வேறு யாரும் பிடுங்கக் கூடாது என்று மேஸ்திரி மெல்லச் சொன்னார். அதுவும் ஒரு முறைதான். அப்படியானால் போட்டவனே எடுக்கட்டும் என்றார் பழனிசாமி. அவருக்கு முறை என்றால் மதிப்பு உண்டு.

மாதப்பன் நன்றாக அடித்திருந்தான். ஆணிகளைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது. பலகையைக் கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்ச் சரிவிலிருந்து பெண்கள் மூட்டையோடு இறங்கி வந்து பாலத்தின் மறுமுனையில் நின்றுவிட்டார்கள். காலையில் இருந்த பலகை இப்போது இல்லை. கடைசியில் காவேரி நின்றாள். அவள் வயிறு இப்போது தூரத்திலிருந்தே தெரிந்தது.

குழு டீ குடித்துக்கொண்டிருந்தது.

மாதப்பன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினான். எந்தப் பாறையில் விழுந்து கால் முறிந்ததோ அதே பாறையில் ஏறி, ஓட்டைக்கு நேர் கீழே நின்று, முதுகைக் கொஞ்சம் வளைத்தான். அவன் தோள் பலகை மட்டத்துக்கு வந்தது.

"வாங்க" என்று கூப்பிட்டான். "தோள்ல கால வெச்சு வாங்க."

முதலில் யாரும் அசையவில்லை. "வாங்க தங்கம்மாக்கா. எனக்கு வலிக்காது, வாங்க." தங்கம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஆளும் மூட்டையுமாகத் தோளில் இறங்கி ஏறிப் போனார்கள். ஒவ்வொருத்தி மிதிக்கும்போதும் மாதப்பனின் முறிந்த கால் நடுங்கியது. பாறையைப் பிடித்துக்கொண்டான்.

பழனிசாமி டீ டம்ளரோடு கரைக்கு வந்து பார்த்தார். மனிதர் உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார். "பாருங்க மேனேஜர், ஓட்டை அப்படியே இருக்கு. ஆளும் விழலை. இதைத்தான் நாங்க இத்தனை நாளா எதிர்பார்த்தோம். சேகர், எழுதிக்கோ. நிர்வாகம் மாற்று ஏற்பாடு செய்திருக்கிறது. திருப்திகரம். விசாரணை முடியும்வரை இந்த ஏற்பாடு தொடரலாம்." மாதப்பனுக்கு நாளை முதல் வேலை கொடுக்கலாமா என்று ரைட்டர் கேட்டார். இந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதில் குழுவுக்கு ஆட்சேபம் இல்லை.

எல்லாரும் கடந்துவிட்டார்கள். காவேரி மட்டும் அந்தப் பக்கமே நின்றாள்.

"வா புள்ள" என்றான் மாதப்பன் கீழே இருந்து.

"மாட்டனுங்க. உங்க தோள்ல நான் எப்படிங்க கால வைப்பேன்?"

"எல்லாரும் வெச்சாங்கல்ல? வா."

"அவுங்க வெப்பாங்க."

கரையிலிருந்து சேகர், அந்தம்மா பாதுகாப்பு ஏற்பாட்டைப் பயன்படுத்த மறுக்கிறார் என்று எழுதலாமா என்று கேட்டார். எழுதினால், அவள் விழுந்தால் பொறுப்பு அவளுடையது. மாதப்பனுக்கு அது காதில் விழுந்தது. "காவேரி, எனக்கோசரம் இல்ல. உள்ள இருக்கறதுக்கோசரம் வா" என்றான்.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பலகை முடிகிற இடத்துக்கு வந்து நின்று, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுத்துவிட்டுக் காலை இறக்கினாள். தோளில் பாரமே தெரியவில்லை. மூட்டையையும் வயிற்றையும் சுமந்துகொண்டு, தன் பாரம் அவன்மேல் விழுந்துவிடக் கூடாது என்று பெருவிரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றாள். அவள் கால் வெடவெடவென்று நடுங்கியது.

பழனிசாமி கரையிலிருந்து கையை ஆட்டிக் கத்தினார். "அப்படியெல்லாம் நுனிக்கால்ல வரக் கூடாதும்மா! ஆபத்து! முழுப் பாதத்தையும் வச்சு நல்லா அழுத்தி மிதிக்கணும்! சேகர், இதையும் சேர்த்துக்கோ!"

காவேரி அசையவில்லை. அவள் கண்ணீர் ஒரு சொட்டு மாதப்பனின் பிடரியில் விழுந்தது.

"நல்லா மிதி காவேரி" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "பாவம், சாருங்க இருட்டறதுக்குள்ள மலை எறங்கோணும்."